தண்ணீர் நோட்டீஸைப் பற்றி 12 பக்கம்

டெக்சாஸில் வசிக்கும் ஒரு வாசகி அனுப்பிய நீண்ட கடிதத்துக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன்.

அவருடைய மகளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது குடும்பம் கோயம்புத்தூரிலிருந்து அமெரிக்கா வந்தது. அப்பா எச்-1பி என்ற வேலை விசாவில் வேலை பார்க்கிறார். அம்மாவும் மகளும் அவரைச் சார்ந்தவர்களுக்கான எச்-4 விசாவில் இருக்கிறார்கள். கிரீன் கார்டுக்காக அப்பாவின் நிறுவனம் போடும் ஐ-140 மனுவை ப்ரீமியத்தில், அதாவது விரைவுக் கட்டணம் கட்டிப் போட்டு, 12 நாளில் ஒப்புதல் ஆகிவிட்டது. கிரீன் கார்டு வரிசையில் இடம் பிடித்த தேதி 2017. மகள் இப்போது மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டாம் ஆண்டு பயாலஜி படிக்கிறாள். அடுத்தது மெடிக்கல் என்று வீட்டில் எல்லாரும் முடிவு செய்திருந்த நேரத்தில், குளிர்கால விடுமுறைக்கு வந்தவள், "பயாலஜியை விட்டுவிட்டு ரைட்டிங் அண்ட் ரெட்டரிக் மேஜருக்கு மாறப்போகிறேன்" என்று சொல்லியிருக்கிறாள். மதிப்பெண் ஒன்றும் மோசமில்லை. "அப்படி மாறினால் இனி ஃபீஸ் கட்டமாட்டேன்" என்று அப்பா சொல்லிவிட்டார். அதன் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

அம்மாவின் கேள்விகள் நான்கு. கதை, கட்டுரை எழுதிப் பிழைக்க முடியுமா? சாட்ஜிபிடி எழுதித் தள்ளுகிற காலத்தில் இதற்கு ஒரு பட்டமா? கல்லூரி ஆலோசகரிடம் நாங்களே பேசி இதை நிறுத்த முடியுமா? ஊரில் மாமியார் "பேத்தி என்ன படிக்கிறா?" என்று கேட்டால் என்ன சொல்வது? கூடவே ஒரு ஆதங்கமும் இருந்தது: "தண்ணி பில் நோட்டீஸைப் பற்றி 12 பக்கம் எழுதியிருக்கிறாள். இதற்கா வருஷா வருஷம் இவ்வளவு கட்டுகிறோம்?" மகள் மேசையில் வைத்துவிட்டுப் போன அந்தக் கட்டுரையின் முதல் இரண்டு பக்கங்களை போனில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பயப்பட வேண்டிய இடம் வேறு. எந்தப் படிப்பு என்பதைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மகளின் 21-வது பிறந்தநாளுக்கு இன்னும் 14 மாதம்தான் இருக்கிறது என்பதை அடைப்புக்குறிக்குள் ஒரே வரியில் சொல்லியிருக்கிறீர்கள். என் கண் நின்றது அந்த வரியில்தான். அதற்கு வருகிறேன். அதற்கு முன் அந்தத் தண்ணீர் நோட்டீஸைப் பார்த்துவிடுவோம்.

அந்த 12 பக்கத்தில் அவள் செய்தது என்ன?

வாசகங்களைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். நகராட்சி அனுப்பிய நோட்டீஸின் முதல் மூன்று பத்திகளில் விதி எண்களும் கட்டண விவரமும் இருக்கின்றன. நான்காம் பத்தியில், "நிலுவை இருக்கும்பட்சத்தில் சேவைத் துண்டிப்பு நிகழக்கூடும்" என்று வருகிறது. கடைசித் தேதி அந்தப் பத்தியின் நடுவில் ஒளிந்திருக்கிறது. தவணையில் கட்டலாம் என்ற செய்தி பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது.

உங்கள் மகள் இதைத் தன் அறைத்தோழியிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். தோழி எங்கே திக்கினாள், எந்த வரியைத் திரும்பப் படித்தாள், பின்பக்கத்தைத் திருப்பினாளா என்று குறித்துக்கொண்டிருக்கிறாள். தோழி திருப்பவே இல்லை. "துண்டிப்பு நிகழக்கூடும்" என்ற தொடரில் துண்டிப்பது யார் என்பதே இல்லை, படிக்கிறவர் யாரிடம் போய்ப் பேசுவது என்று உங்கள் மகள் கட்டுரையில் கேட்டிருக்கிறாள். இரண்டாம் பக்கத்தின் அடியில் அவளே திருத்திய வடிவம் தொடங்குகிறது: "மார்ச் 14-ஆம் தேதிக்குள் 62 டாலர் கட்டிவிட்டால் உங்கள் வீட்டில் தண்ணீர் நிற்காது. மொத்தமாகக் கட்ட முடியவில்லையா? இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள், தவணை போட்டுத் தருகிறோம்."

இந்த மூன்று வாக்கியத்தில் ஒரு வீட்டின் குழாயில் தண்ணீர் வருவதும் வராததும் இருக்கிறது. பத்தொன்பது வயதில் இதைக் கண்டுபிடிக்கிற பெண்ணை நான் சாதாரணமாக நினைக்க மாட்டேன். அமெரிக்க அரசாங்கமே இதற்கு ஒரு சட்டம் போட்டிருக்கிறது. மத்திய அரசு அலுவலகங்கள் மக்களுக்கு எழுதுவது மக்களுக்குப் புரிய வேண்டும் என்று 2010-ல் வந்த எளிய எழுத்துச் சட்டம் அது.

ஆக, ரைட்டிங் அண்ட் ரெட்டரிக் என்பது கதை எழுதும் படிப்பு அல்ல. கதை, கவிதை எழுதக் கற்றுத் தருவது கிரியேட்டிவ் ரைட்டிங். அது வேறு துறை. இங்கே படிப்பது, ஒரு சொல் இன்னொரு மனிதரிடம் போய் என்ன வேலை செய்கிறது, ஏன் செய்கிறது என்பதை. அரிஸ்டாட்டில் பேசிய மூன்றிலிருந்து ஆரம்பிப்பார்கள்: பேசுகிறவர் மேல் நம்பிக்கை, கேட்பவரின் உணர்வு, வாதத்தின் வலு. அப்புறம் வாதம் கட்டுவது, எடிட்டிங், தொழில்நுட்ப எழுத்து, ஆவண வடிவமைப்பு, படமும் திரையும் பேசும் விதம் என்று போகும். படித்து முடிக்கும்போது கையில் ஒரு போர்ட்ஃபோலியோ இருக்கும்.

மாமியாருக்கு என்ன பதில் என்று கேட்டீர்கள். திருக்குறளில் சொல்வன்மை என்றொரு அதிகாரம் இருக்கிறது, 65-வது. வள்ளுவர் அதை வைத்திருக்கும் இடத்தைப் பாருங்கள். 64-வது அதிகாரம் அமைச்சு. அடுத்ததே சொல்வன்மை. கொஞ்சம் தள்ளித் தூது, அப்புறம் அவையறிதல். பேச்சுத் திறனை நாட்டு நிர்வாகம் செய்கிறவருக்கு வேண்டிய தகுதியாக அவர் பார்க்கிறார். உங்கள் மகளின் வகுப்பில் முதல் வாரமே "உன் வாசகர் யார்?" என்று கேட்பார்கள். அதுதான் அவையறிதல். "சொல்வன்மை படிக்கிறாள்" என்றே பாட்டியிடம் சொல்லலாம். அவருக்கு நிச்சயம் புரியும்.

இங்கேயும் இது நேற்று முளைத்த துறை அல்ல. பின்னால் அமெரிக்காவின் ஆறாவது அதிபரான ஜான் குவின்சி ஆடம்ஸ், 1806-ல் ஹார்வர்டில் ரெட்டரிக் பேராசிரியராகப் பொறுப்பேற்றவர். இன்றைக்கு ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம், பெர்க்லி, சிரக்யூஸ், சென்ட்ரல் ஃப்ளோரிடா ஆகிய இடங்களில் இதற்கென்று தனித் துறையே இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் எந்த மேஜர் எடுத்தாலும் எழுத்தும் ரெட்டரிக்கும் படித்தே ஆக வேண்டும்.

மெடிக்கல் கனவு கலைந்துவிடுமா?

பயாலஜியை விட்டால் மெடிக்கல் போச்சு என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் குறிப்பிட்ட மேஜரைக் கேட்பதில்லை. உயிரியல், வேதியியல், இயற்பியல் போன்ற முன்பாடங்களை முடித்திருக்க வேண்டும், எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் வேண்டும். அந்தத் தேர்வின் நான்கு பகுதிகளில் ஒன்று முழுக்க வாசித்து ஆராய்வது மட்டும்தான்: 90 நிமிடத்தில் 53 கேள்வி. அறிவியல் பாடத்தில் கெட்டியான பிள்ளைகள் பலர் அங்கேதான் சறுக்குகிறார்கள். சட்டக் கல்லூரிக்கும் இப்படித்தான், இன்ன மேஜர் என்ற கட்டாயம் கிடையாது.

ஆனால் இன்னொரு விஷயம் உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று தோன்றுகிறது. இங்குள்ள மருத்துவக் கல்லூரிகளில் நிறைய இடங்களில் குடிமக்களையும் கிரீன் கார்டு உள்ளவர்களையும் மட்டுமே சேர்க்கிறார்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களைச் சேர்க்கும் சில கல்லூரிகள், பல வருடக் கட்டணத்தை முன்கூட்டியே வங்கியில் போட்டுக் காட்டச் சொல்கின்றன. மெடிக்கல் பத்திரமான வழி, ரெட்டரிக் ஆபத்தான வழி என்று நீங்களும் அவள் அப்பாவும் நினைக்கிறீர்கள். உங்கள் வீட்டு நிலைமையில் இரண்டு வழியும் ஒரே சுவரில்தான் போய் முட்டுகின்றன.

21-வது பிறந்தநாள்

21 வயது ஆகும் நாளோடு அவளுடைய எச்-4 முடிந்துவிடும். அதற்குள் கிரீன் கார்டு வந்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தியாவுக்கான வரிசையில் 2017-ம் வருடத் தேதியை வைத்துக்கொண்டு, 14 மாதத்தில் வந்துவிடும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். பிள்ளைகளின் வயதைக் குறைத்துக் கணக்கிடும் சட்டம் ஒன்று இருக்கிறது, சிஎஸ்பிஏ என்பார்கள். விசா எண் கிடைக்கும் நாளில் அவளுக்கு என்ன வயதோ, அதிலிருந்து ஐ-140 மனு ஒப்புதலுக்குக் காத்திருந்த நாட்களைக் கழிப்பார்கள். உங்கள் மனு 12 நாளில் ஒப்புதல் ஆனது. அன்றைக்குச் சந்தோஷப்பட்டிருப்பீர்கள், சரிதான். ஆனால் இந்தக் கணக்கில் உங்களுக்குக் கிடைப்பது அந்த 12 நாள் மட்டும்தான். விசா எண் கிடைக்கும் நாளை எந்தத் தேதிப் பட்டியலை வைத்துக் கணக்கிடுவது என்ற விதியும் 2025 ஆகஸ்டில் மாறியிருக்கிறது. இதைக் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். நான் கல்வி ஆலோசகர் மட்டும்தான். நான் சொல்வதை வைத்து விண்ணப்பம் எதுவும் போட வேண்டாம்.

பெரும்பாலும் அவள் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். அந்த விண்ணப்பத்துக்கு மாதக்கணக்கில் ஆகலாம். அதனால் பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்னால் யோசித்தால் போதாது. பெற்றோரின் கிரீன் கார்டு மனு நிலுவையில் இருக்கும்போது எஃப்-1 கேட்பதில் சில நுணுக்கங்கள் உண்டு. அதையும் வழக்கறிஞரிடமே கேளுங்கள். உள்மாநிலக் கட்டணம் தொடருமா என்பதைப் பல்கலைக்கழகத்தின் ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்கி வையுங்கள்.

எஃப்-1க்கு மாறுவதில் ஒரு நல்லதும் இருக்கிறது. எச்-4 பிள்ளைகள் சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது. எஃப்-1 என்றால் பருவம் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை செய்யலாம். எழுத்து மேஜர் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் மிக நல்ல முதல் வேலை, பல்கலைக்கழகத்தின் ரைட்டிங் சென்டரில் சக மாணவர்களுக்கு உதவுவது. என் முதல் வேலையும் அதுதான். ஒரு சிவில் இன்ஜினியரிங் மாணவர் பாலத்தின் சுமையைப் பற்றிய அறிக்கையோடு வருவார். எனக்குப் பாலத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. "இந்த அறிக்கையைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடப்போவது யார்? அவர் முதலில் எதைத் தேடுவார்?" என்று மட்டும் கேட்பேன். 40 நிமிடத்தில் ஆறாம் பக்கத்தில் கிடந்த முடிவு முதல் பக்கத்துக்கு வந்துவிடும். அப்படி நூறு பேரோடு உட்கார்ந்து எழுந்தால் கிடைக்கிற பயிற்சி வேறெங்கும் கிடைக்காது.

மேஜரும் விசாவும் சேரும் இடம்

இதைக் கவனமாகப் படியுங்கள், மகளையும் படிக்கச் சொல்லுங்கள். எஃப்-1 மாணவர் பட்டம் வாங்கிய பிறகு, படித்ததோடு தொடர்புள்ள வேலையை 12 மாதம் செய்யலாம். அதுதான் ஓபிடி. அரசின் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள பட்டம் என்றால் மேலும் 24 மாதம் கிடைக்கும். ரெட்டரிக் அந்தப் பட்டியலில் இல்லை. பயாலஜி இருக்கிறது. பன்னிரண்டு மாதத்துக்கும் முப்பத்தாறு மாதத்துக்கும் உள்ள வித்தியாசம் சாதாரணமானதல்ல. எச்-1பி குலுக்கலில் ஒரே ஒரு தடவை பெயர் போடுகிறோமா, மூன்று தடவை போடுகிறோமா என்பது இதைப் பொறுத்தே அமையலாம். எழுத்து சம்பந்தப்பட்ட வேலைக்கு எச்-1பி கேட்கும்போது, "இதற்குக் குறிப்பிட்ட பட்டம் எதற்கு?" என்ற கேள்வியும் வரக்கூடும்.

அதனால் என் கருத்து இதுதான்: ரெட்டரிக்குக்கு மாறட்டும், ஆனால் பயாலஜியை விட வேண்டாம். இரண்டையும் மேஜராக முடிக்கட்டும். பயாலஜியை மைனராக, அதாவது துணைப் பாடமாக வைத்துக்கொண்டால் ஸ்டெம் நீட்டிப்புக்கு உதவாது, மேஜராகவே இருக்க வேண்டும். அவளுக்குப் பயாலஜி பிடிக்காமல் போனதாக நீங்கள் எங்கேயும் எழுதவில்லை. இன்னொன்று பிடித்துவிட்டது என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் தேவை. ரெட்டரிக் மேஜர் பெரும்பாலும் முப்பதை ஒட்டி வரும், பயாலஜியில் பாதிக் கிணறு தாண்டிவிட்டாள். இரண்டும் வெவ்வேறு கல்லூரிகளின் கீழ் இருந்தால் தனி அனுமதியும் கடைசித் தேதியும் இருக்கும். ஒரு செமஸ்டர் கூடுதலாகவும் ஆகலாம். எந்தப் பாடம் முடிந்தது, எது மீதி என்று காட்டும் அவளுடைய டிகிரி ஆடிட்டை எடுத்து, மீதி உள்ள பாடங்களைப் பருவவாரியாக ஒரு தாளில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இரண்டும் சேர்ந்தால் மெடிக்கல் ரைட்டிங் என்ற துறை திறக்கிறது. அமெரிக்க மருத்துவ எழுத்தாளர்களின் சங்கம் 1940-லேயே தொடங்கியது. புது மருந்து சோதனையின் அறிக்கைகள், அரசு அனுமதிக்குப் போகும் ஆவணங்கள், நோயாளி கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவங்கள் எல்லாம் இவர்கள் கைப்பட்டு வருபவை. அந்தப் படிவத்தை ஏழாம் எட்டாம் வகுப்புப் படித்தவருக்கும் புரியும்படி எழுத வேண்டும். தண்ணீர் நோட்டீஸில் அவள் செய்த அதே வேலை, இங்கே ஓர் உயிரோடு சம்பந்தப்பட்டது. ஸ்டெம் நீட்டிப்பில் சேரும் வேலை பயாலஜியோடு நேரடியாகத் தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்ற விதிக்கும் இது ஒத்துப்போகும் வாய்ப்பு உண்டு. அந்த நேரம் வரும்போது வழக்கறிஞரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

வருமானமும் சாட்ஜிபிடியும்

தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023 மே மாதக் கணக்குப்படி, டெக்னிகல் ரைட்டர்களில் பாதிப் பேருக்கு வருடம் ஏறத்தாழ 80,000 டாலருக்கு மேல், மீதிப் பாதிக்கு அதற்குக் கீழே. டாக்டர் வருமானத்தோடு ஒப்பிட்டால் குறைவுதான். கௌரவமாக வாழப் போதும்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிய உங்கள் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். பொருளுக்கு நாலு வரி விளக்கம், இணையதளத்துக்கு ஒரு பக்கக் கட்டுரை என்று எழுதிக் கொடுக்கும் ஆரம்பநிலை வேலையை நம்பி இந்தப் படிப்பில் சேரச் சொன்னால் அது தவறான ஆலோசனை. ஆனால் அந்த நோட்டீஸை மறுபடி நினைத்துப் பாருங்கள். திருத்தி எழுது என்றால் சாட்ஜிபிடி நொடியில் எழுதிவிடும். தோழி தாளைத் திருப்பவே இல்லை என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது உங்கள் மகள். எழுதியது தப்பாகப் போனால் பொறுப்பேற்க வேண்டியதும் ஒரு மனிதர்தான். மருந்து ஆவணத்தில் கருவி தந்த வரி மூலத்தரவோடு ஒத்துப்போகிறதா என்று வரி வரியாகப் பார்க்க, பயாலஜியும் தெரிந்த எழுத்தாளர் வேண்டும். இந்தக் கருவிகளை அவள் ஒதுக்காமல் நன்றாகப் பழகிக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கல்லூரியிடம் பேசி நிறுத்தலாமா?

முடியாது. 1974-ம் ஆண்டுச் சட்டமான ஃபெர்பாவின்படி, பிள்ளை கல்லூரியில் சேர்ந்த பிறகு படிப்புப் பதிவுகள் மீதான உரிமை பிள்ளைக்கே. வரிக்கணக்கில் அவள் உங்களைச் சார்ந்தவள் என்றால் கல்லூரி உங்களுக்கு விவரம் தரலாம், தந்தே ஆக வேண்டும் என்று இல்லை. மேஜரை மாற்றுவது முழுக்க அவள் முடிவு. அவளைத் தாண்டி ஆலோசகருக்கு போன் செய்தால் அது அவள் காதுக்குப் போகும். அப்புறம் வீட்டில் எதையும் சொல்ல மாட்டாள்.

பணம் உங்களுடையது, அதனால் உங்கள் எதிர்பார்ப்பைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அவள் அப்பாவிடம் ஒன்றை எடுத்துச் சொல்லுங்கள். எச்-4 பிள்ளைக்கு மத்திய அரசின் கல்வி உதவியோ கடனோ கிடையாது. எஃப்-1 வந்த பிறகு ஒவ்வொரு பருவமும் முழுநேரமாகப் படிக்க வேண்டும். ஃபீஸை நிறுத்தினால் மேஜர் மட்டும் போகாது, அவள் இந்த நாட்டில் இருக்கும் அனுமதியே கேள்வியாகிவிடும். கோபத்தில் சொன்ன வார்த்தைதான் என்று புரிகிறது. அதை அவர் வாயாலேயே திரும்பப் பெற்றால் நல்லது.

இந்த வாரம் ஐ-140 ஒப்புதல் தாளைத் தேடி எடுத்து வழக்கறிஞரிடம் நேரம் வாங்குங்கள். அந்தச் சந்திப்பில் மகளும் போனிலாவது இருக்கட்டும். அவளுடைய விசாவைப் பற்றி அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. நம் வீடுகளில் அந்தப் பேச்சைப் பெரியவர்கள் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறோம். 14 மாதக் கணக்கு தெரிந்தால், பயாலஜியை விடாதே என்று நீங்கள் கெஞ்ச வேண்டியிருக்காது.

அப்புறம், அவள் கட்டுரையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியதை அவளிடம் சொல்லிவிடுங்கள். அவளைக் கேட்காமல் செய்தது சரியில்லை, நானும் அதைப் படித்துவிட்டேன். மீதிப் பத்துப் பக்கத்தை அவளிடமே கேட்டு வாங்கி, நீங்களும் அவள் அப்பாவும் படியுங்கள். உங்கள் வீட்டுக்கு வரும் தண்ணீர் பில்லையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.